திக்குவாய் தொற்றாது, மகளிடம் பேசுங்கள்

கேள்வி: எனக்கு வயது 34. மலேசியாவில் பட்டர்வொர்த்தில் வசிக்கிறேன், பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை. ஐந்து வயதிலிருந்து திக்குவாய். மூளையில் கட்டி இருந்தால் இப்படி வரும் என்று இணையத்தில் படித்தேன். கூட்டங்களுக்கு முன் நெஞ்சு படபடப்பதால் நண்பர் கொடுத்த புரோப்ரனோலோல் மாத்திரையைப் போட்டுக்கொள்கிறேன். ஆஸ்துமாவுக்கு இன்ஹேலரும் உண்டு. என் நான்கு வயது மகளும் எட்டு மாதங்களாகத் திக்குகிறாள். சில நேரம் வாய் திறந்தபடி சத்தமே வராமல் நிற்கிறாள். அம்மா அவள் நாக்கில் வசம்பு தேய்க்கிறார், நாக்கின் அடியை வெட்டிவிட வேண்டும் என்கிறார். பாலர் பள்ளி ஆசிரியை வீட்டில் தமிழை நிறுத்தச் சொல்கிறார். என்னிடமிருந்து பழகிவிட்டாளோ என்று அவளுக்குக் கதை சொல்வதை நிறுத்திவிட்டேன்.

பதில்: கதை சொல்வதை இன்றிரவே மீண்டும் தொடங்குங்கள். திக்குவாய் கேட்டுப் பழகி வருவதில்லை. திக்கும் ஆசிரியரிடம் படிப்பதால் பிள்ளைகள் திக்குவாயர்களாகிவிடுவதில்லை. குடும்பங்களில் இது தொடர்ந்து வருவதற்குக் காரணம் மரபு. சொற்களை உரிய நேரத்தில் எடுத்துக் கொடுக்கும் மூளைப் பாதைகள் சிலருக்குப் பிறவியிலேயே சற்று வேறாக அமைந்துவிடுகின்றன. அதில் உங்கள் மரபணுவுக்குப் பங்கு இருக்கலாம். அதற்காக நீங்கள் குற்றவாளி ஆகிவிட மாட்டீர்கள். சுருட்டை முடியைக் கொடுத்ததற்காக எந்தத் தகப்பனும் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பதில்லை. ஆனால் நேற்றுவரை கதை சொன்ன அப்பா திடீரென்று வாயை மூடிக்கொண்டால் நான்கு வயதுக் குழந்தை என்ன நினைக்கும்? திக்குவது வெட்கப்பட வேண்டிய செயல், திக்கினால் பேசாமல் இருந்துவிட வேண்டும் என்றுதான் நினைக்கும். உங்களிடமிருந்து அவளுக்குப் போய்ச் சேரக் கூடாதது இந்த ஒன்றுதான்.

இனி, உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போன விஷயத்துக்கு வருகிறேன். "வாய் திறந்தபடி சத்தமே வராமல் நிற்கிறாள்." மற்ற எல்லாவற்றையும் விட எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான். 100 குழந்தைகளில் ஐந்து பேராவது இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில் சில காலம் திக்குகிறார்கள். அவர்களில் நால்வருக்கு மூவர் வளர வளரச் சரியாகிவிடுகிறார்கள், பெண் குழந்தைகள் இன்னும் கூடுதலாக. "அம்மா அம்மா அம்மா வேணும்" என்று சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு கவலையில்லாமல் ஓடும் குழந்தையைப் பற்றி நான் பெரிதாக அலட்டிக்கொள்ள மாட்டேன். ஆனால் சத்தம் அடைத்து நிற்பது, கழுத்து இறுகுவது, கண்ணை மூடித் திறந்து திணறுவது, காலை உதைத்துச் சொல்லைத் தள்ளுவது, "நீங்களே சொல்லுங்க" என்று விட்டுவிடுவது, இவை வேறு. குழந்தை சொல்லோடு போராடத் தொடங்கிவிட்டாள் என்று பொருள். அதோடு ஆறு மாதம் தாண்டிவிட்டது, தகப்பனுக்கும் இன்றுவரை திக்குவாய் இருக்கிறது. இவை மூன்றும் சேர்ந்திருக்கும்போது "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று காத்திருப்பதை நான் ஏற்க மாட்டேன். ஆறு வயதுக்குள் தொடங்கும் சிகிச்சைக்குத்தான் பலன் அதிகம்.

இந்த வாரமே அருகிலுள்ள அரசாங்க சுகாதார கிளினிக்குக்குப் போய், பேச்சு சிகிச்சைக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். குடிமக்களுக்கு அங்கே கட்டணம் 1 வெள்ளி. கடிதத்தோடு அரசாங்க மருத்துவமனை நிபுணரிடம் போகலாம். முறை வர நாளாகலாம் என்பதால்தான் தள்ளிப்போடாதீர்கள் என்கிறேன். போவதற்கு முன் வீட்டில் அவள் இயல்பாகப் பேசுவதைக் கைப்பேசியில் சில நிமிடம் படம் பிடித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் முன்னால் உட்கார்ந்ததும் பிள்ளைகள் தடையில்லாமல் பேசிவிடுவார்கள், அவரும் "ஒன்றுமில்லையே" என்று அனுப்பிவிடுவார். இந்த வயதுக்கு லிட்கம் என்றொரு சிகிச்சை முறை உண்டு. ஆஸ்திரேலியாவில் உருவானது. சிகிச்சையாளர் கற்றுக்கொடுப்பார், வீட்டில் தினமும் நடத்துபவர் தாயோ தகப்பனோதான். திக்கும் தகப்பனும் நடத்தலாம்.

அதுவரை அவளிடம் "மெதுவாகப் பேசு", "மூச்சை இழுத்துக்கொண்டு சொல்" என்று யாரும் சொல்ல வேண்டாம். சொல்லை முடித்துக் கொடுக்கவும் வேண்டாம். முகத்தைப் பார்த்துக் காத்திருங்கள். நீங்கள் நிதானமாகப் பேசினால் அவளும் அவசரப்பட மாட்டாள்.

மற்றவை. வசம்பை இன்றே நிறுத்துங்கள். பேச்சு வராது, வாந்திதான் வரும். நாக்கின் அடியை வெட்டுவதும் வேண்டாம். 1841இல் பெர்லினில் டீஃபன்பாக் என்ற அறுவை மருத்துவர் திக்குவாய்க்காக நாக்கையே வெட்டிப் பார்த்தார். நோயாளிகள் இரத்தம் சிந்தியதுதான் மிச்சம். தமிழை நிறுத்தச் சொன்ன ஆசிரியை நல்லெண்ணத்தில் சொல்லியிருக்கலாம், ஆனால் தவறு. இரண்டு மூன்று மொழி கேட்டு வளர்வதால் திக்குவாய் வருவதில்லை. பாட்டியோடு பேசும் மொழியைப் பிடுங்கிவிட்டால் அந்தக் குழந்தைக்குப் பேசவே ஆள் குறைந்துவிடும். உங்கள் மூளையில் கட்டியும் இல்லை. ஐந்து வயதில் தொடங்கி 29 வருடம் அப்படியே இருக்கும் திக்குவாய்க்கு யாரும் கட்டியைத் தேட மாட்டார்கள். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் ஒரு நாள் திடீரென்று திக்கினால், வாய் கோணினால், அது பக்கவாதமாக இருக்கலாம். அவர்தான் அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டியவர்.

அந்த மாத்திரை விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. ஆஸ்துமா உள்ளவர் புரோப்ரனோலோல் போட்டால் மூச்சுக்குழல் இறுகிவிடும், அந்த நேரம் இன்ஹேலரும் சரியாகக் கேட்காது. உயிர் போகக்கூடிய விளையாட்டு இது. படபடப்பும் கை நடுக்கமும் குறையுமே தவிர, திக்குவது குறையாது. மீதி மாத்திரைகளை மருந்தகத்தில் கொடுத்துவிடுங்கள். "30 நாளில் குணம்" என்று காசு கேட்கும் காணொளிகளையும் நம்பாதீர்கள். பேச்சு சிகிச்சை இந்த நாட்டில் முறையான படிப்பு, கோலாலம்பூரில் மலேசிய தேசியப் பல்கலைக்கழகம் 1995 முதல் கற்பிக்கிறது. அப்படிப் படித்தவரிடம் போங்கள்.

உங்கள் வயதில் சிகிச்சையால் திக்குவாய் அறவே போய்விடும் என்று சொன்னால் அது பொய். வாழ்க்கையை அது ஆட்டிப்படைப்பதை நிறுத்த முடியும். மாமாக் உணவுக் கடையில் தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) வேண்டும், ஆனால் 'தே' வராது என்று மைலோ கேட்டுக் குடித்துவிட்டு வருகிறவர்களை எனக்குத் தெரியும். இப்படிச் சொல்லை மாற்றி மாற்றித் தப்பிப்பதில்தான் பயம் கொழுக்கிறது. சொந்தப் பெயரைச் சொல்லும்போது தப்ப வழியே கிடையாது, அதனால்தான் பலரும் அங்கே அதிகம் சிக்குகிறார்கள். நீங்கள் தே தாரிக்கையே கேளுங்கள், திக்கினாலும் சரி. கூட்டம் தொடங்கும்போது "எனக்குத் திக்குவாய் உண்டு, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரி சொல்லிவிடுங்கள். மறைக்க எதுவும் இல்லை என்றானதும் பாதிப் படபடப்பு அடங்கிவிடும். சிக்கும்போது சொல்லை முட்டித் தள்ளாதீர்கள். உதட்டையும் தாடையையும் தளர்த்தி, எழுத்தை மெல்ல இழுத்து வெளியே வாருங்கள். பயமில்லாத ஒரு சொல்லில் வேண்டுமென்றே லேசாகத் திக்கிப் பார்ப்பதும் உதவும், அதைச் சிகிச்சையாளர் அருகிலிருந்து பழக்குவார். கதைப் புத்தகத்தை மகளோடு சேர்ந்து ஒரே குரலில் வாசித்துப் பாருங்கள். சேர்ந்து வாசிக்கும்போதும் பாடும்போதும் பெரும்பாலோருக்குத் திக்குவதில்லை.

கிளினிக்கில் மகளுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதும்போது உங்களுக்கும் ஒன்று கேட்டு வாங்குங்கள்.