மறுமையின் வழக்கு மன்றம்

கேள்வி: ‘அலாங் வித் தி காட்ஸ்’ கொரியப் படத்தின் இரண்டாம் பாகத்தை, முதல் பாகம் பார்க்காமலே பார்க்கலாமா? அதில் வரும் 49 நாள் கணக்கு எதைக் குறிக்கிறது?

பதில்: முதல் பாகத்தைப் பார்த்துவிட்டே வாருங்கள். கிம் யோங்-ஹ்வா இயக்கி 2017 டிசம்பரில் வெளியான அப்படத்தில் தீயணைப்பு வீரர் ஒருவரின் உயிர் ஏழு நரகங்களில் விசாரிக்கப்படுகிறது. 2018 ஆகஸ்டில் வந்த இரண்டாம் பாகத்திலோ அவருடைய தம்பியின் வழக்கு நடக்கிறது.

இறந்தவர் மறுபிறவி அடையுமுன் ஏழு நாளுக்கு ஒரு முறையாக ஏழு முறை விசாரிக்கப்படுகிறார் என்பது கொரிய பௌத்தர்களின் நம்பிக்கை. அதனால்தான் 49ஆம் நாள் சடங்கை அவர்கள் இன்றும் பெரிதாகப் போற்றுகிறார்கள். தீர்ப்பளிக்கும் யொம்ரா மன்னர் வேறு யாருமல்லர், பௌத்தத்தோடு இந்தியாவிலிருந்து சீனம் வழியாகக் கொரியா சென்ற நம் எமதர்மரே.

என்னை மிகவும் கவர்ந்தது, உயிர்களுக்காக வாதாடும் மூன்று தூதர்களின் கதைதான். 49 உயிர்களுக்கு மறுபிறவி பெற்றுத் தந்தால் தங்களுக்கும் அது கிடைக்கும் என்று ஆயிரம் ஆண்டுகளாக உழைக்கும் அவர்களில் இருவருக்குத் தங்கள் முற்பிறவி நினைவில்லை. தலைவர் காங்-லிம் மட்டும் கொர்யோ அரசுக் காலத்தில் தாம் செய்ததை மறக்க முடியாமல் சுமக்கிறார். மா டோங்-சோக் நடித்துள்ள வீட்டுக் காவல் தெய்வம் அந்தப் பழங்கதையைச் சிறிது சிறிதாகச் சொல்லும்போது, பிறருக்காக வாதாடியவரே குற்றவாளிக் கூண்டில் நிற்பதாக நமக்குத் தோன்றுகிறது. வரைகலைப் பிரம்மாண்டம் சில இடங்களில் மிகை. ஆனால் இந்தப் பழங்கதைப் பகுதியில் ஒரு காட்சிகூட வீணில்லை.