கணவாயின் உச்சியில் சுகர் பார்க்காமல் இறங்காதீர்கள்

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 52. கோவையில் சொந்தத் தொழில். எட்டு வருடமாகச் சுகர், ஐந்து வருடமாகப் பிரஷர். காலையில் மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரை, டாபாகிளிஃப்ளோசின் 10 மி.கி., பிரஷருக்கு டெல்மிசார்டனும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த மாத்திரை எடுக்கிறேன். மூன்று மாத சராசரி சுகர் 7.1. நான்கு வருடமாகச் சைக்கிள் ஓட்டுகிறேன்; ஞாயிற்றுக்கிழமைகளில் மேட்டுப்பாளையத்தில் இருந்து கோத்தகிரி ஏறி இறங்குவேன். மகள் பிரான்ஸில் கிரெனோபிளில் படிக்கிறாள். வரும் செப்டம்பரில் மூன்று நண்பர்களோடு, லெமான் ஏரிக்கரையில் உள்ள தோனோனில் கிளம்பி, ஆல்ப்ஸ் கணவாய்கள் வழியாக எட்டு நாளில் நீஸ் கடற்கரையை அடையத் திட்டம். 2700 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். மலை நோய் வருமா? அதைத் தடுக்க அசிட்டசோலமைடு மாத்திரை போட வேண்டுமா? தினமும் காலையில் ஒரு டைக்ளோஃபினாக் போட்டுக்கொண்டால் முட்டி வலியே வராது என்று ஒரு நண்பர் சொல்கிறார். போட்டுக்கொள்ளலாமா?

பதில்: நல்ல பயணம். நான்கு வருடமாகக் கோத்தகிரி ஏறுகிறவர் இதற்கு ஆசைப்படுவதில் தப்பே இல்லை. நீங்கள் போக வேண்டும் என்றுதான் நானும் விரும்புகிறேன். ஆனால் இப்போது கையில் இருக்கும் மருந்துச் சீட்டோடு அப்படியே கிளம்பக் கூடாது. நீங்கள் பயப்படுவது உயரத்தைப் பார்த்து. நான் பயப்படுவது உங்கள் மாத்திரை டப்பாவையும், மலையில் இருந்து இறங்கும் அந்த அரை மணி நேரத்தையும் பார்த்து.

முதலில் உயரத்தை முடித்துவிடுவோம். உங்கள் பாதையில் மிக உயரமான இடம் இஸெரான் கணவாய், 2764 மீட்டர். அடுத்தது கலிபியே, 2642. நம் தொட்டபெட்டா 2637 மீட்டர். கலிபியேவுக்கும் தொட்டபெட்டாவுக்கும் ஐந்து மீட்டர்தான் வித்தியாசம்! மலை நோய் பெரும்பாலும் 2500 மீட்டருக்கு மேல் போய், அங்கேயே இரவு தங்குகிறவர்களுக்குத்தான் வருகிறது. நீங்கள் உச்சியில் இருக்கப்போவது ஒரு போட்டோ எடுக்கும் நேரம். தூங்கப்போவது பள்ளத்தாக்கில். பிரியான்சோன் 1326 மீட்டர், பார்சலோனெத் 1135 மீட்டர். இஸெரானுக்குக் கீழே உள்ள வால் திசேரில் தங்கினால்கூட 1850தான். ஊட்டியே 2240 மீட்டர். ஆகவே அசிட்டசோலமைடு உங்களுக்குத் தேவையில்லை. அது சிறுநீரை அதிகமாக்கும், ரத்தத்தில் அமிலத் தன்மையைக் கூட்டும். அந்த இரண்டுமே உங்களுக்கு ஏன் ஆகாது என்பது கொஞ்ச நேரத்தில் புரியும்.

ஆனால் காற்று மெலிந்திருப்பது உண்மை. 2700 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்கும் கொஞ்சம் குறைவு. எவ்வளவு பயிற்சி இருந்தாலும் அங்கே உடலின் உச்சத் திறன் பத்தில் ஒரு பங்கு குறையும். கோத்தகிரியில் ஓட்டும் அதே வேகத்தை அங்கே பிடிக்க நினைத்தால் இதயம்தான் கூடுதலாக உழைக்கும். ஸ்பீடோமீட்டரைப் பார்க்காதீர்கள். பக்கத்தில் வருகிறவரோடு ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் கியரைக் குறையுங்கள்.

சரி, இப்போது மாத்திரைகளுக்கு வருவோம்.

கிளிமிபிரைடு கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லும் மருந்து. ரத்தத்தில் சுகர் இறங்கிவிட்டது என்று பார்த்து அது வேலையை நிறுத்திக்கொள்ளாது. காலையில் போட்டால் நாள் முழுக்க வேலை செய்யும். அதே நேரத்தில் மிதிக்கும் தசை இன்சுலின் உதவி இல்லாமலேயே குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்தால் லோ சுகர். 'ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு அப்படி ஆனதில்லையே' என்று நீங்கள் கேட்கலாம். ஞாயிறு ஏறிவிட்டு திங்களும் செவ்வாயும் வீட்டில் சாப்பிடுகிறீர்கள். கல்லீரலிலும் தசையிலும் சேமிப்பு திரும்ப நிரம்பிவிடுகிறது. ஆல்ப்ஸில் அந்த அவகாசம் கிடையாது. இன்று காலியானதை இரவுச் சாப்பாட்டில் பாதிதான் நிரப்பியிருப்பீர்கள். காலையில் அடுத்த கணவாய் காத்திருக்கும். மூன்றாவது, நான்காவது நாளில்தான் பிரச்சினை தலைகாட்டும். அதுவும் பகலில் மட்டும் என்றில்லை. நீண்ட உழைப்புக்குப் பிறகு அன்றிரவு தூக்கத்திலும் சுகர் விழும். பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் அசந்து தூங்குவார், யாருக்கும் தெரியாது.

அதனால் பயண நாட்களில் கிளிமிபிரைடை நிறுத்துவதா, குறைப்பதா என்று உங்கள் டாக்டரிடம் இப்போதே பேசுங்கள். உங்கள் சராசரி 7.1. அந்த எட்டு நாள் சுகர் கொஞ்சம் ஏறி இருந்தால் எந்த உறுப்பும் கெட்டுவிடாது. ஒரே ஒரு லோ சுகர் போதும், தடுப்புச் சுவர் இல்லாத ஒரு வளைவில் வந்தால்.

இறக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏறும்போது வியர்வையில் நனைந்திருப்பீர்கள். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி வீதம் வெப்பம் குறையும். இரண்டாயிரம் மீட்டர் கீழே 20 டிகிரி என்றால் இஸெரான் உச்சியில் எட்டுக்குக் கீழே இருக்கும். செப்டம்பரில் மழை பிடித்தால் ஐந்துக்கும் போகலாம், பனியும் விழலாம். 5 டிகிரிக் குளிரில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால் தோலுக்கு அது மைனஸ் 1 டிகிரி போல இருக்கும். அதுவும் காய்ந்த தோலுக்கு. நனைந்த பனியனுக்குக் கணக்கே வேறு. ஏறும்போது உடம்பு அடுப்பு மாதிரி எரிகிறது. இறங்கும்போது மிதிப்பதே இல்லை, அடுப்பு அணைந்துவிடுகிறது. பத்து நிமிடத்தில் கை நடுங்கும், விரல் மரத்துப்போகும், பிரேக்கை அழுத்த முடியாது.

இங்கேதான் சுகர்காரர்களுக்கு மட்டுமான சிக்கல் ஒன்று வருகிறது. குளிரிலும் கை நடுங்கும், லோ சுகரிலும் கை நடுங்கும். குளிரிலும் யோசனை மந்தமாகும், லோ சுகரிலும் அப்படியே. இது எது என்று உங்களாலேயே பிரித்துச் சொல்ல முடியாது. நடுங்குவதற்கே உடம்பு குளுக்கோஸைத்தான் செலவு செய்கிறது என்பதால் ஒன்று இன்னொன்றை இழுத்துக்கொண்டு வரும். ஆகவே எல்லாவற்றையும்விட முக்கியமாக இதைச் சொல்கிறேன்: ஒவ்வொரு கணவாயின் உச்சியிலும் நின்று சுகர் பாருங்கள். 100க்குக் கீழே இருந்தால் சாப்பிட்டு, அது ஏறிய பிறகே இறங்குங்கள். 70க்குக் கீழே போயிருந்தால் மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். அந்த நேரத்துக்குக் கடலை மிட்டாய் உதவாது, அதில் உள்ள எண்ணெய்ச் சத்து சுகர் ஏறுவதைத் தாமதமாக்கும். சைக்கிள் மிதிக்கும்போது மென்று தின்ன அது நல்லதுதான். குளுக்கோமீட்டரையும் ஸ்ட்ரிப்பையும் சட்டைக்குள், உடம்போடு ஒட்டி வையுங்கள். குளிரில் கிடந்த மீட்டர் வேலை செய்யாது, செய்தாலும் தப்பாகக் காட்டலாம். விரலும் சூடாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ரத்தமே வராது.

குளிர் உடை விஷயத்தில் 1988 ஜூன் 5 நினைவுக்கு வருகிறது. ஜீரோ தித்தாலியா சைக்கிள் போட்டி இத்தாலியின் காவியா கணவாயைக் கடும் பனிப்பொழிவில் தாண்டியது. ஏறியவர்களைவிட இறங்கியவர்கள்தான் துடித்தார்கள். அமெரிக்கரான ஆண்டி ஹாம்ஸ்டன் அன்று தலைமை இடத்தைப் பிடித்து, கடைசியில் பந்தயத்தையே வென்றார். அவருடைய அணியினர் பனிச்சறுக்குச் சாமான் விற்கும் கடைகளில் கையுறையும் குளிர் உடையும் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தார்கள். உலகின் தலைசிறந்த வீரர்களுக்கே அந்த நிலை. உச்சிக்குப் போனதும் முதல் வேலையாக நனைந்த உள்பனியனைக் கழற்றிவிட்டுக் காய்ந்ததைப் போடுங்கள். மேலே காற்றுப் புகாத ஜாக்கெட், முழு விரல் கையுறை. எதுவும் இல்லாவிட்டால் பழைய வீரர்கள் செய்தது போலச் செய்தித்தாளை மடித்து நெஞ்சுக்கும் சட்டைக்கும் நடுவே செருகுங்கள். அது நன்றாகவே காக்கும்.

அடுத்து டாபாகிளிஃப்ளோசின். இது சுகரைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும், கூடவே தண்ணீரும் போகும். நாள் முழுக்க உழைத்து, சரியாகச் சாப்பிடாமல், தண்ணீரும் குறைந்தால், இந்த மருந்து எடுப்பவர்களுக்கு ரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேரும் அபாயம் உண்டு. மோசம் என்னவென்றால், அப்போது மீட்டரில் சுகர் 180, 200 என்று சாதாரணமாகத்தான் காட்டும். குமட்டல், வாந்தி, வயிற்று வலி, வேகமான மூச்சு, அசதி இவைதான் அறிகுறிகள். கணவாய்க்கு மேல் ஒருவருக்கு இப்படி வந்தால் கூட இருப்பவர்கள் என்ன சொல்வார்கள்? 'மலை நோய், கீழே போனால் சரியாகிவிடும்' என்பார்கள். ஆகாது. அது ஐ.சி.யூ. பார்க்க வேண்டிய விஷயம். பெரிய அறுவை சிகிச்சைக்கு மூன்று நாள் முன்பே இந்த மருந்தை நிறுத்துகிறோம். இதுபோன்ற பயணத்துக்கும் அப்படி நிறுத்துவதே நல்லது என்பது என் கருத்து. அந்தரங்க இடத்தில் பூஞ்சைத் தொற்று வருவதும் இந்த மருந்தில் சகஜம். வியர்வையில் ஊறிய சைக்கிள் ஷார்ட்ஸோடு தினமும் ஆறு மணி நேரம் சீட்டில் உட்கார்ந்தால் புண்ணாகிவிடும்.

மூன்றாவது, உங்கள் நண்பர் சொன்ன டைக்ளோஃபினாக். வேண்டவே வேண்டாம். டெல்மிசார்டன், தயசைடு, வலி மாத்திரை மூன்றும் சேர்ந்து, உடம்பில் தண்ணீரும் குறைந்திருந்தால் சிறுநீரகம் திடீரென்று நின்றுபோகலாம். அவர் அக்கறையோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் அவருக்குப் பொருந்துவது உங்களுக்குப் பொருந்தாது. முட்டிக்கு மருந்து கியரில் இருக்கிறது. பின்சக்கரத்தில் பெரிய பல்சக்கரம் மாட்டிக்கொண்டு, நிமிடத்துக்கு எழுபது சுற்றுக்குக் குறையாமல் லேசாக மிதியுங்கள். அப்படியும் வலித்தால் பாராசிட்டமால் போதும்.

தயசைடைப் பற்றி இன்னொன்று. அது உப்பை வெளியேற்றும். நீங்கள் பயந்துபோய் வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் சரிந்து தலைவலி, குழப்பம், வலிப்பு வரை போகும். தாகத்துக்குக் குடியுங்கள், அதில் பாதியை ஓ.ஆர்.எஸ். கரைசலாகக் குடியுங்கள். அதில் குளுக்கோஸ் இருப்பது இங்கே நமக்கு நல்லதுதான். பயணத்துக்கு மட்டும் தயசைடு இல்லாத டெல்மிசார்டனுக்கு மாற முடியுமா என்றும் கேளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கிளம்புவதற்கு முன் ஈ.சி.ஜி., எக்கோ, டி.எம்.டி. (டிரெட்மில்லில் நடக்கவைத்து இதயத்தைப் பார்க்கும் சோதனை), சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், சோடியம், பொட்டாசியம் பார்த்துவிடுங்கள். சுகர் உள்ளவர்களுக்கு மாரடைப்பு நெஞ்சு வலியே இல்லாமலும் வரலாம். டி.எம்.டி. நார்மல் என்பதைச் சர்வ பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அது சில நிமிடச் சோதனை, நீங்கள் ஏறப்போவது நாலைந்து மணி நேரம். வழக்கமான ஏற்றத்தில் வழக்கமில்லாத மூச்சிரைப்பு, தாடையிலோ தோளிலோ இறுக்கம் வந்தால் அன்றைக்குப் பயணம் முடிந்தது. முதல் நாளே பெரிய ஏற்றம் வைக்காதீர்கள். தோனோனில் ஒரு நாள் சும்மா இருந்துவிட்டுக் கிளம்புங்கள். விழித்திரையைக் கண் டாக்டரிடம் காட்டுங்கள். புது ரத்தக் குழாய்கள் முளைத்திருந்தால் இந்தப் பயணத்தைத் தள்ளிப் போட வேண்டியிருக்கும். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்; தினமும் ராத்திரி ஷூவைக் கழற்றியதும் விரலிடுக்கைப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

சுண்டு விரல் மரத்துப்போவது ஹேண்டில்பாரில் நரம்பு அழுந்துவதால். கையை அடிக்கடி இடம் மாற்றுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சீட்டில் இருந்து எழுந்து மிதியுங்கள்.

சாப்பாட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. பிரான்ஸின் மலை ஊர்களில் மதியம் இரண்டு மணிக்கு மேல் பல இடங்களில் சமையலறையை மூடிவிடுவார்கள். கடைகளும் நடுப்பகலில் பூட்டிக் கிடக்கும். நம் ஊர் மாதிரி எந்த நேரத்திலும் டீயும் வடையும் கிடைக்காது. மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உங்களுக்கு வேண்டும். ஒரு வாழைப்பழத்தில் சுமார் 25 கிராம். அன்றைக்குத் தேவையானதைக் காலையிலேயே பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் மாத்திரைகளின் பெயர்களைப் பிராண்டாக இல்லாமல் மருந்துப் பெயராக எழுதிய கடிதம் ஒன்றை டாக்டரிடம் வாங்குங்கள். நம் ஊர்க் கூட்டு மாத்திரைகளின் பிராண்டுப் பெயர் அங்கே மருந்துக்கடைக்காரருக்குப் புரியாது. அவசர எண் 112. நண்பர்கள் மூவரும் 'இல் ஏ தியாபெத்தீக்', அதாவது 'இவர் சுகர் நோயாளி' என்று சொல்லப் பழகட்டும். குளுக்கோஸ் எந்தப் பையில் இருக்கிறது என்பதும் அவர்களுக்குத் தெரிய வேண்டும். மீட்பு ஹெலிகாப்டர் செலவு உங்கள் காப்பீட்டில் அடங்குமா என்று படித்துப் பாருங்கள்.

இதற்கெல்லாம் முன் ஒரு ஒத்திகை வேண்டும். டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்ததும், வெள்ளிக்கிழமை கோத்தகிரி, சனிக்கிழமை குன்னூர், ஞாயிறு மறுபடி கோத்தகிரி என்று மூன்று நாள் தொடர்ந்து ஏறுங்கள். அடிவாரத்தில், உச்சியில், படுக்கப் போகும் முன், விடிகாலை மூன்று மணிக்கு என்று சுகர் பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். மூன்றாவது நாள் விடிகாலை எண் என்ன என்பதை எனக்கும் எழுதி அனுப்புங்கள்.