டி.எல்.எல்.எம்.இ.: துளி எங்கே போகிறது?

கேள்வி: பெங்களூரு ஓசூர் ரோடு பக்கம் ஒரு தனியார் லேபில் வேலை. சிறுநீரில் மெத்தாம்ஃபெட்டமின் தேட டி.எல்.எல்.எம்.இ. (கொஞ்சம் கரைப்பானை நுண்துளிகளாகச் சிதறடித்து மருந்தைப் பிரித்தெடுக்கும் முறை) செய்கிறேன். சிறுநீர் 2 மி.லி., பிஎச் 9, அசிட்டோநைட்ரைல் அரை மி.லி., குளோரோஃபார்ம் 15 மைக்ரோலிட்டர். லேசாகக் கலங்குகிறது. ஆனால் சென்ட்ரிஃபியூஜ் செய்தபின் பாதி ட்யூபில் துளியே இல்லை. இருக்கிற ட்யூபிலும் ரெக்கவரி, அதாவது திரும்பக் கிடைக்கும் மருந்தின் பங்கு, மோசம். பூச்சுள்ள மெல்லிய ஃபைபரில் மருந்தை ஏற்றி எடுக்கும் எஸ்.பி.எம்.இ.-க்கு மாறிவிடலாமா?

பதில்: மாற வேண்டாம், முதலில் ஒரு கணக்குப் போடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 8 கிராம் குளோரோஃபார்ம் கரையும். அப்படியானால் உங்கள் 2 மி.லி.யில் 16 மி.கி., அதாவது 11 மைக்ரோலிட்டர் போய்விடும். அசிட்டோநைட்ரைல் இருப்பதால் இன்னும் கூடவே கரையும். போட்டதே 15. மிச்சம் என்ன இருக்கும்? நீங்கள் பார்த்த கலங்கலும் குளோரோஃபார்முடையது என்று சொல்ல முடியாது. சிறுநீரைக் காரமாக்கினால் கால்சியம், மெக்னீசியம் பாஸ்பேட்டுகள் படிந்து அப்படித்தான் வெண்மையாகும்.

ரெக்கவரிக்குக் காரணம் பிஎச். மெத்தாம்ஃபெட்டமினின் பிகேஏ (மூலக்கூறுகளில் பாதி மின்னூட்டத்தோடு இருக்கும் பிஎச்) ஏறக்குறைய 10. பிஎச் 9-இல் பத்தில் ஒரு பங்குதான் மின்னூட்டம் இல்லாமல் இருக்கும். மீதி தண்ணீரை விட்டு வராது. 11.5-க்கு ஏற்றுங்கள். அதே ட்யூபில் கொக்கெய்னும் தேடுவதானால் இந்தக் காரத்தில் அது சிதையும். அதற்குத் தனி ட்யூப், பிஎச் 9 போதும். கஞ்சாவின் டிஎச்சி-கார்பாக்சிலிக் அமிலம் காரத்தில் வரவே வராது. அதை முதலில் காரத்தில் சூடாக்கி, உடல் அதோடு இணைத்துவிடும் குளுகுரோனைடை உடைத்து, பிறகு பிஎச் 3-க்கு இறக்கி எடுக்க வேண்டும்.

செய்முறை இப்படி இருக்கட்டும். சிறுநீர் 2 மி.லி. எடுத்ததுமே, வேறு எதையும் தொடுவதற்கு முன், டியூட்டிரியம் ஏற்றிய மெத்தாம்ஃபெட்டமினை இன்டர்னல் ஸ்டாண்டர்டாக (ஒப்பிட்டு அளக்க, தெரிந்த அளவில் சேர்க்கும் பொருள்) சேருங்கள். சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு பிஎச் பாருங்கள். 4000 ஆர்பிஎம்மில் 5 நிமிடம் சுற்றி, படிவை விட்டுவிட்டுத் தெளிந்ததை மட்டும் கூம்பு அடி கொண்ட கண்ணாடி ட்யூபுக்கு மாற்றுங்கள். பாலிஸ்டைரீன் ட்யூப் கூடவே கூடாது, குளோரோஃபார்ம் அதையே கரைத்துவிடும். அசிட்டோநைட்ரைல் அரை மி.லி.யும் குளோரோஃபார்ம் 100 மைக்ரோலிட்டரும் கலந்து சிரிஞ்சில் எடுத்து ஒரே வீச்சில் செலுத்துங்கள். சொட்டுச் சொட்டாக விட்டால் பால் போன்ற கலங்கல் வராது. மறுபடி 5 நிமிடம் சுற்றினால் துளி அடியில் நிற்கும். உப்பை அள்ளிப் போடாதீர்கள். செறிவு மிகுந்தால் அசிட்டோநைட்ரைலே பிரிந்து குளோரோஃபார்மையும் இழுத்துக்கொண்டு மேலே மிதக்கும்.

துளியின் அளவு தினம் ஒரு மாதிரி இருக்கும். அதனால் முழுதும் உறிஞ்சப் பார்க்காமல் ஹாமில்டன் சிரிஞ்சில் 50 மைக்ரோலிட்டர் மட்டும் எடுங்கள். வேறுபாட்டை இன்டர்னல் ஸ்டாண்டர்டு விகிதம் சரிக்கட்டும். நைட்ரஜனில் உலர்த்துவதற்கு முன் மெத்தனாலில் கரைத்த 1% ஹைட்ரோகுளோரிக் அமிலம் 10 மைக்ரோலிட்டர் சேருங்கள். பலரும் விட்டுவிடும் படி இது. ஆம்ஃபெட்டமின்கள் ஆவியாகக் கூடியவை. உப்பாக மாறாவிட்டால் வாயுவோடு போய்விடும். பிறகு எச்எஃப்பிஏ (ஹெப்டாஃப்ளூரோபியூட்டிரிக் அன்ஹைட்ரைடு) கொண்டு டெரிவேட்டைஸ் செய்து, அதாவது கருவிக்கு ஏற்ற சேர்மமாக மாற்றி, ஜி.சி.-எம்.எஸ்.-இல் (ஆவியாக்கிப் பிரித்து நிறையால் அடையாளம் காணும் கருவி) நிறை எண் 254, 210, 118 கொண்ட அயனிகளைப் பாருங்கள்.

குளோரோஃபார்ம் பாட்டில் எத்தனால் சேர்த்து நிலைப்படுத்தியதுதானா? வெளிச்சத்தில் கிடந்த பழைய பாட்டிலில் உண்டாகும் பாஸ்ஜீன், அமின்களோடு வினைபுரிந்து உங்கள் பீக்கைத் தின்றுவிடும்.

அளவீட்டுக் கோட்டை (தெரிந்த அளவுகளை வைத்து வரையும் காலிப்ரேஷன் கோடு) மருந்தில்லாத சிறுநீரில்தான் போட வேண்டும், எல்லாப் படிகளையும் கடந்து. வெறும் தண்ணீரில் போட்ட கோடு நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணைக்குத் தாங்காது.

ரத்தம் வந்தால் அரை மி.லி. ரத்தத்தில் இன்டர்னல் ஸ்டாண்டர்டு சேர்த்து, குளிர்ந்த அசிட்டோநைட்ரைல் 1 மி.லி.யைச் சுழற்றிக்கொண்டே சொட்டாக விட்டுப் புரதத்தைப் படிய வையுங்கள். மேலே தெளியும் நீர்மமே அடுத்த படிக்கான டிஸ்பர்சர், அதாவது குளோரோஃபார்மைச் சிதறடிக்கும் கரைப்பான். அதோடு குளோரோஃபார்மைக் கலந்து காரமாக்கிய 4 மி.லி. தண்ணீரில் செலுத்தினால் போதும்.

எஸ்.பி.எம்.இ. பற்றிக் கேட்டீர்கள். ஹெட்ஸ்பேஸில் (மாதிரிக்கு மேலுள்ள காற்றுவெளி) அது சுத்தமான முறைதான். ஆனால் ஃபைபரில் ஏறியதெல்லாம் ஒரே இன்ஜெக்ஷனில் தீர்ந்துவிடும், ஓட்டம் கெட்டால் மறுபடி மாதிரியைத் தொட வேண்டும். முந்தைய மாதிரியின் மிச்சமும் ஃபைபரில் ஒட்டும். இடையே பிளாங்க் (மருந்தில்லாத வெற்று மாதிரி) ஓட்டாமல் விடக் கூடாது. அதோடு வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் பிளாக் அவசியம். பெங்களூரு டிசம்பர் காலைக்கும் ஏப்ரல் மதியத்துக்கும் அறை வெப்பம் மாறுகிற மாற்றத்தில், பிளாக் இல்லாமல் எடுத்த எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது.