கப்பல்ல தீ, கரைல பில்லு

கேள்வி: சார், பண்ருட்டில முந்திரி ஃபேக்டரி வெச்சிருக்கேன். ஐவரி கோஸ்ட்ல இருந்து ஒரு கண்டெய்னர் கொட்டை சி அண்ட் எஃப் ரேட்ல (சரக்கு விலையும் கப்பல் வாடகையும் சேர்ந்த ரேட்) வாங்கினேன், தூத்துக்குடிக்கு வரணும். வழியில யாரோ ஒருத்தரோட கண்டெய்னர்ல தீ புடிச்சு அணைச்சிட்டாங்களாம், என் கொட்டைக்கு ஒண்ணும் ஆகல. ஆனா ஏஜென்ட் "ஜெனரல் ஆவரேஜ் டிக்ளேர் பண்ணிட்டாங்க, பங்கு தர்றேன்னு பாண்டு எழுதி டெபாசிட் கட்டினாதான் டெலிவரி ஆர்டர்"ங்கறார். இன்சூரன்ஸ் எடுக்கல. எவனோ சரக்கு எரிஞ்சதுக்கு நான் ஏன் சார் கட்டணும்?

பதில்: கோவம் வர்றது நியாயம்தாங்க, ஆனா நீங்க கட்டப்போறது எரிஞ்ச சரக்குக்கு இல்ல. எரிஞ்சது அவரவர் நஷ்டம். தீய அணைக்க தண்ணி அடிச்சாங்கல்ல, அதுல நனைஞ்சு போன சரக்கு, கப்பல காப்பாத்த வந்த டக்போட்டுக்கு குடுத்த காசு, இதெல்லாம் எல்லாரையும் காப்பாத்த வேணும்னே பண்ணின செலவு, அதனால கப்பல்காரர்ல இருந்து உங்க வரைக்கும் எல்லாரும் பங்கு போட்டுக்கணும், இதத்தான் ஜெனரல் ஆவரேஜ்ங்கறாங்க. புயல்ல கப்பல் முழுகாம இருக்க ஒருத்தன் சரக்க தூக்கி கடல்ல போட்டா மத்தவங்க பங்கு தரணும்னு ரோமானிய சட்டத்துலயே இருக்கு, அவங்களே அத ரோட்ஸ் தீவுக்காரங்க வழக்கம்னுதான் எழுதி வெச்சிருக்காங்க. 2021ல சூயஸ் கால்வாய்ல எவர் கிவன் கப்பல் ஆறு நாள் குறுக்க நின்னுச்சே, அப்பவும் உள்ள சரக்கு வெச்சிருந்தவங்களுக்கு இதே நோட்டீஸ்தான் போச்சு.

கணக்கு இப்படி வரும், கப்பலும் மொத்த சரக்கும் சேர்ந்து 400 கோடி, பொதுச்செலவு 20 கோடின்னு வைங்க, அஞ்சு பர்சென்ட், உங்க கொட்டை 20 லட்சம்னா உங்க பங்கு 1 லட்சம். டெபாசிட்டா கூடுதலாதான் கேப்பாங்க, ஆவரேஜ் அட்ஜஸ்டர் (யார் பங்கு எவ்வளவுன்னு கணக்கு போடறவர்) கணக்கு முடிச்சதும் மிச்சம் திரும்ப வரும், ஆனா அதுக்கு வருஷக்கணக்கா ஆகும், அதனால ரசீத பத்திரமா வைங்க.

இன்சூரன்ஸ் இருந்திருந்தா கேரண்டிய கம்பெனியே குடுத்திருக்கும். சரக்கு பாலிசில ஏ, பி, சின்னு மூணு இருக்கு, ரொம்ப சீப்பான சியிலயே ஜெனரல் ஆவரேஜ் கவர் ஆகும். சி அண்ட் எஃப்னா இன்சூரன்ஸ் வாங்குறவர் தலைல, சப்ளையர் பாத்துப்பார்னு நெனச்சு விட்டுடாதீங்க.

ஒரு வழி இருக்கு. கப்பல்காரர் கப்பல ஒழுங்கா தயார் பண்ணாம கிளப்பினதாலதான் விபத்துன்னு காட்ட முடிஞ்சா பங்கு தரவேண்டாம். 2011ல சீனால சியாமென் விட்டு கிளம்பின சிஎம்ஏ சிஜிஎம் லிப்ராங்கற கப்பல் தரை தட்டுச்சு, பயணத்துக்கு போட்ட பிளான்லயே ஓட்டை, மத்தவங்கல்லாம் பேசாம கட்டிட்டாங்க, ஒரு 8 பர்சென்ட் சரக்குக்காரங்க மட்டும் மாட்டேன்னு நின்னு 2021ல இங்கிலாந்து சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் ஜெயிச்சாங்க. ஆனா ஒத்த கண்டெய்னருக்கு நீங்க கோர்ட் ஏறினா வக்கீல் ஃபீஸ்லயே கொட்டை போயிரும். "உரிமைய விட்டுக்குடுக்காம கட்டறேன்"னு எழுதிக் குடுத்துட்டு கட்டுங்க, சரக்க எடுங்க, அங்க நிக்க நிக்க டிடென்ஷன் (கண்டெய்னர் தாமதக் கட்டணம்) ஓடும்.

கேள்வி: எங்க சரக்கு நனைஞ்சு வந்துச்சு. ஷிப்பிங் லைனுக்கு பத்து மாசமா மெயில் போடறோம், "பரிசீலனையில் உள்ளது"ங்கறாங்க. இன்னும் வெயிட் பண்ணலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம்! டெலிவரி ஆன தேதிலேர்ந்து ஒரு வருஷத்துக்குள்ள கேஸ் போடணும், விட்டா உரிமையே போச்சு. கடல்வழி சரக்குப் போக்குவரத்துக்கான 1925 சட்டத்துக்கு பதிலா 2025ல புது சட்டம் வந்தும் அந்த ஒரு வருஷம் மாறல. மெயில் போட்டுக்கிட்டே இருந்தா கெடு நிக்காது. இந்த வாரமே ஷிப்பிங் லைன்கிட்ட கேஸ் போட டைம் எக்ஸ்டென்ஷன் எழுத்துல கேளுங்க, வாய்வார்த்தைய நம்பாதீங்க, தரலன்னா மிச்சமிருக்கற ரெண்டு மாசத்துக்குள்ள வக்கீல பாத்து ஃபைல் பண்ணிடுங்க.