கசப்பை நினைத்து நடப்பது

அன்புள்ள அண்ணா,

2009 ஏப்ரலில், கடைசி யுத்தத்தில், முல்லைத்தீவின் மாத்தளனிலிருந்து நீரேரியைக் கடந்து உயிரோடு வந்தவர்கள் நாங்கள். அந்தச் சனத்துக்குள் தம்பியைத் தவறவிட்டோம். இன்றுவரை தகவல் இல்லை. சபையில் எழும்பி, கர்த்தர் எங்களைக் காப்பாற்றினார் என்று சாட்சி சொல்லச் சொல்லிக் கேட்கிறார்கள். எனக்கு வாய் வரவில்லை. வேதத்தில் யூதாவின் எசேக்கியா ராஜா சாகிற வியாதியிலிருந்து சுகமானபின் தாழ்மையாய் நடப்பேன் என்றாரே, அது சாகும்வரை துக்கம் காப்பதா?

– ஒரு வாசகி, புதுக்குடியிருப்பு

அன்புத் தங்கச்சி,

துக்கம் காப்பதில்லை. எங்கள் பழைய வேதாகமத்தில் அந்த இடத்தில் 'கசப்பை நினைத்து நடந்துகொள்வேன்' என்றுதான் இருக்கிறது (ஏசாயா 38:15). தன் ஆயுசு இடையனின் கூடாரம்போலப் பெயர்ந்துபோயிற்று என்றும் ராஜா, சுகமானபின் எழுதின அந்தப் பாட்டில் அழுகிறார். தரப்பாளை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டின எங்களுக்கு அதை யாரும் விளக்க வேண்டாம்.

ஆனால் சொன்னபடி நடந்தாரா? ஆயுசில் 15 வருஷம் கூட்டிக் கொடுக்கப்பட்டது. அதற்கு அடையாளமாகச் சூரிய கடியாரத்தில் நிழல் 10 பாகை பின்னுக்குப் போனது. அந்த அதிசயத்தை விசாரிக்கத்தான் பாபிலோனிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அவரோ வெள்ளியையும் பொன்னையும் ஆயுதசாலையையும் திறந்து காட்டினார். உன் சந்ததிப் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று ஏசாயா தீர்க்கதரிசி சொன்னபோது, என் நாட்களில் சமாதானம் இருக்குமே என்று ஆறிக்கொண்டார். வேதத்தில் என்னை இவ்வளவு நோகடிக்கிற இடம் வேறில்லை. தன் உயிருக்காகச் சுவர்ப்பக்கம் திரும்பி அழுத மனுசன், அந்தப் பிள்ளைகளுக்காக மன்றாடியதாக ஒரு வரி இல்லை.

என் அம்மாவும் மாத்தளனில் கஞ்சிக்கு வரிசையில் நின்றவதான். இப்போது வீட்டில் அரிசி மூட்டையாய்க் கிடக்கிறது. ஆனாலும் கிணற்றடியில் அரிசி களையும்போது சிந்துகிற ஒவ்வொரு மணியையும் குனிந்து பொறுக்குவா. முழங்கால் நோவோடுதான். சாட்சி நேரத்தில் மட்டும் எழும்பமாட்டா. ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "எனக்குப் பக்கத்தில இருக்கிறவவின்ரை பிள்ளை வரேல்லை. அவவுக்கு முன்னால, கர்த்தர் என்ரை பிள்ளையைக் காப்பாத்தினார் எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது?" என்றா. அம்மாவுக்கு நன்றி இல்லாமலில்லை. விடிய 4 மணிக்கே முழங்காலில் இருப்பா.

வாய் வராதது உங்கள் விசுவாசக் குறைவில்லை, தங்கச்சி. கட்டாயப்படுத்தினால், "நாங்கள் வந்தோம், தம்பி வரவில்லை" என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். தம்பியின் பெயரைச் சொல்லுங்கள். அதற்கு 'ஆமென்' சொல்லச் சபைக்குக் கொஞ்சம் நேரமெடுக்கும். பரவாயில்லை, எடுக்கட்டும்.