மலை வீட்டு மர வேலைக்கு எந்த மாதத்தில் பெயின்ட் அடிக்கலாம்?

கேள்வி: எங்கள் பழைய வீட்டின் கதவு நிலைகளுக்கும் ஜன்னல் சட்டங்களுக்கும் சென்ற ஐப்பசியில் எனாமல் அடித்தோம். பங்குனிக்குள் ஜன்னல்களின் அடிச்சட்டம் செதில் செதிலாக உரிந்துவிட்டது. விலை உயர்ந்த பெயின்ட்தான் வாங்கினோம். அடுத்த முறை கம்பெனியை மாற்றிப் பார்க்கலாமா?
– ஒரு வாசகி, குன்னூர்

பதில்: மாதத்தை மாற்றினால் போதும். ஐப்பசி, குன்னூரில் வடகிழக்குப் பருவமழை கொட்டும் காலம். ஈரம் குடித்து ஊதியிருக்கும் மரத்தின்மேல் எனாமல் பூசினால், பின்னர் வெயிலில் மரம் சுருங்கும்போது உள்ளே அடைபட்ட ஈரம் பெயின்ட்டைத் தள்ளிக்கொண்டுதான் வெளியேறும். அடிச்சட்டம் முதலில் உரிந்ததற்குக் காரணம், இரவில் கண்ணாடியில் படியும் ஈரம் வழிந்து தேங்கும் இடம் அதுவே என்பதாகும்.

மாசி, பங்குனியில் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் காலைப் பனி விலகி, மரம் கைக்குச் சில்லிடாத நேரத்தில் தொடங்கி, பிற்பகல் மூன்று மணிக்குள் பிரஷ்ஷைக் கழுவிவிடுவது நல்லது. எனாமல் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்றுத்தான் இறுகுகிறது. 10 டிகிரிக்குக் கீழே அது மிகவும் மந்தப்படும், காயாத பரப்பில் பனி இறங்கினால் பளபளப்பும் மங்கும். சீக்கிரம் காயட்டும் என்று கரியடுப்பை அறைக்குள் வைப்பவர்கள் உண்டு. டர்பன்டைன் ஆவி நிறைந்த, ஜன்னல் சாத்திய அறையில் அது உயிருக்கே உலை வைக்கும்.

பழைய பெயின்ட்டின்மேல் செலோடேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். பெயின்ட் கூடவே வந்தால் அந்த இடத்தைச் சுரண்டியே ஆக வேண்டும். வராவிட்டால் பளபளப்புப் போகும்வரை தேய்த்தால் போதும். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே அடியிலுள்ள பூச்சுகளில் ஈயம் இருக்கும் என்றே எடுத்துக்கொண்டு, தூசி பறக்காதபடி வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்த்து, சேற்றை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்த அறைப்பக்கம் வர வேண்டாம். தேய்த்த மரம் நன்றாக உலர்ந்த பிறகே அடுத்த வேலை.

பெயின்டர்கள் பலர் அவசரப்படுவது, துளைகளையும் விரிசல்களையும் அடைக்கப் பட்டி வைக்கும்போதுதான். வெறும் மரத்தில் நேரே பட்டி வைத்தால் மரம் அதன் எண்ணெயை உறிஞ்சிவிட, சில மாதங்களில் ஆணித் துளையிலிருந்து பட்டி பொடிப்பொடியாக உதிரும். முதலில் வுட் பிரைமர் (மரத்துக்கான அடிப்பூச்சு) ஒரு கோட்டிங், அது காய்ந்தபின் பட்டி, 180 ஆம் எண் உப்புத்தாளால் மர நாரின் போக்கிலேயே தேய்ப்பு, பட்டி வைத்த இடங்களில் மீண்டும் பிரைமர், அதன்மேல் எனாமல் மெல்லியதாக இரண்டு கோட்டிங் என்பதே முறை. சுவருக்கு வாங்கிய சிமென்ட் பட்டி மரத்துக்கு ஆகாது. கதவைக் கழற்ற முடிந்தால் அடி விளிம்பிலும் பூசச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத இடம் என்று விட்டுவிடுவார்கள், ஆனால் மரம் அதிகமாக ஈரம் குடிப்பது அங்குள்ள வெட்டு முனைகளின் வழியாகத்தான்.

கேள்வி: படுக்கையறை நிலைகளுக்கு அடித்த வெள்ளை எனாமல் மஞ்சளித்துவிட்டது. கழுவினால் போகுமா?
– ஒரு வாசகர், கொடைக்கானல்

பதில்: போகாது. வெளிச்சம் குறைந்த அறையில் ஆயில் எனாமல் மஞ்சளிப்பது அதன் இயல்பு. சோப்பு நீரில் கழுவி, உலரவிட்டு, உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடித்தபின் தண்ணீர் கலக்கும் வகை எனாமலைப் பூசுங்கள்.