நெயில் பாலிஷ் வாடை அடிக்கும் ஜமைக்கா ரம்: கெட்டுவிட்டதா?

கேள்வி: வெளிநாட்டிலிருந்து வந்த நண்பர் ஹாம்ப்டன் எஸ்டேட் ஓவர்ப்ரூஃப் ரம் கொடுத்தார். 60 சதவீத ஆல்கஹால். மூடியைத் திறந்ததும் நெயில் பாலிஷும் அழுகல் வாழைப்பழமும் கலந்த வாடை. கெட்டுப்போன சரக்கா? இதை எப்படிக் குடிப்பது?

பதில்: கெடவில்லை. அந்த வாடைக்காகத்தான் ரம் பிரியர்கள் இதைத் தேடி வாங்குகிறார்கள்; ‘ஃபங்க்’ என்று செல்லப்பெயரும் உண்டு.

ஜமைக்காவின் ட்ரெலானி பகுதியில் இருக்கும் பழைய வடிசாலை ஹாம்ப்டன். அங்கே கரும்புப்பாகை நொதிக்க வைப்பது காற்றிலும் மரத்தொட்டியிலும் தானாகவே வாழும் ஈஸ்ட். நொதித்தல் வாரக்கணக்கில் நீளும்போது பாக்டீரியாக்களும் புகுந்து அமிலங்களை உண்டாக்குகின்றன. அதில் பியூட்ரிக் அமிலம் தனியாக இருந்தால் வாந்தி நாற்றம்தான். அதுவே ஆல்கஹாலோடு சேர்ந்து எஸ்டர் என்ற மணப்பொருளாகிவிட்டால் அன்னாசி மணக்கும்! உங்கள் மூக்கில் ஏறிய நெயில் பாலிஷும் ஓர் எஸ்டர்தான்: எத்தில் அசிடேட். ஜமைக்கா ரம்மில் ஒரு ஹெக்டோலிட்டர் (100 லிட்டர்) தூய ஆல்கஹாலுக்கு 1,600 கிராம் வரை எஸ்டர் இருக்கலாம். ஹாம்ப்டனின் ‘டிஓகே’ ரகம் அந்த உச்சத்தையே தொடும். பீப்பாயில் கிடந்த சரக்கில் இதன் முரட்டுத்தனம் கொஞ்சம் அடங்கியிருக்கும், அவ்வளவுதான்.

இனி குடிக்கும் விஷயம். வாய் குறுகிய கண்ணாடிக் கோப்பையில் 20 மில்லி ஊற்றி, கால்மணி நேரம் தொடாமல் வையுங்கள். நெயில் பாலிஷ் வாடைதான் முதலில் பறக்கும். பிறகு கோப்பையை மோவாய்க்குக் கீழே பிடித்து, வாயை லேசாகத் திறந்தபடி முகருங்கள். மூக்கை உள்ளே விட்டால் ஆல்கஹால் சுரீரென்று ஏறி, அடுத்த சில நிமிடங்களுக்கு எந்த மணமும் தெரியாது. பொறுமையாக முகர்ந்தால் கனிந்த அன்னாசி வரும், உப்பில் ஊறிய ஆலிவ் வரும், அடியில் புதிய பெயின்ட்கூட வரும். எனக்கு இதில் எப்போதும் முந்திக்கொண்டு வருவது, மூடிய அறையில் பழுக்க வைத்த பலாப்பழம்.

முதல் வாய் சில துளிகள் போதும். அது நாக்கைப் பழக்க மட்டும். இரண்டாவது வாயில்தான் சுவை பிடிபடும். எரிச்சல் அதிகமாக இருந்தால் 4 மில்லி தண்ணீர் விடுங்கள், ஆல்கஹால் 50 சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஐஸ் மட்டும் வேண்டாம், மணம் சுருண்டுவிடும். கோலா ஊற்றுவது உங்கள் உரிமை, ஆனால் அதற்கு இவ்வளவு விலையுள்ள சரக்கு தேவையில்லை.

பாட்டிலைப் படுக்க வைக்காதீர்கள். 60 சதவீத ஆல்கஹால் கார்க்கை அரித்துவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் பிடிக்கவில்லையா? சாதா ரம்மில் எலுமிச்சையும் சர்க்கரையும் சேர்த்து டாய்கிரி கலக்கும்போது இதில் ஒரு டீஸ்பூன் விடுங்கள். ஜெர்மானியர்கள் வாசனையே இல்லாத ஆல்கஹாலில் இந்த வகை ரம்மைத் துளியூண்டு கலந்து ‘ரம் ஃபெர்ஷ்னிட்’ என்று விற்றே பிழைத்தார்கள். ஒரு பாட்டில் உங்களுக்கு வருடக்கணக்கில் வரும்.